மரிசெலாவின் விருந்தில் ஆடியவர்கள்

எல்க்கானா கல்லூரியின் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டபோது ஜெரிலின் ஷ்ராக் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது, நடனம் ஆடக் கூடாது, ஆண்கள் விடுதிக்குள் கால் வைக்கக் கூடாது, வாரத்தில் மூன்று நாள் ஆராதனைக்குத் தவறக் கூடாது என்று பதினோரு பிரிவுகள். கல்லூரி வாசலோடு முடிந்துவிடும் கட்டுப்பாடு இல்லை அது. விடுமுறையில் வீட்டில் இருந்தாலும் செல்லும். அதில் எதுவும் அவளுக்குப் புதிதில்லை. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தின் நடுவில் அவள் வளர்ந்த கோதுமைப் பண்ணை வீட்டில் வானொலிப் பாட்டு கொஞ்சம் துள்ளலாக வந்தாலே அம்மா சத்தத்தைக் குறைத்துவிடுவாள். ஒன்பதாவது பிரிவைக்கூட அவள் நியாயம் என்றுதான் நினைத்தாள்: ஒருவர் உறுதிமொழியை மீறியது தெரிந்தும் சொல்லாமல் இருப்பவர் அந்த மீறலில் பங்காளி.

ஜெப மண்டபத்து வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற பெண் பேனாவை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

"ஏய், இதுல மூச்சு விடலாம்னு எந்த நம்பர்ல போட்டிருக்கு?"

அவள்தான் யெசேனியா பாரியோஸ். மாநிலத்தின் மேற்குக் கோடியில், இறைச்சி ஆலைகள் இருக்கும் கார்டன் சிட்டிக்காரி. அப்பா ஆல்வாரோ ஆலையில் எலும்பு பிரிக்கும் வரிசையில் கத்தி பிடிப்பவர். கத்தோலிக்கக் குடும்பம். இந்தச் சபைக் கல்லூரிக்கு அவள் வந்த காரணம் ஒன்றே ஒன்று: நானூறு மீட்டரை அவள் ஓடிய வேகத்துக்கு முழு உதவித்தொகை தருவதாகச் சொன்ன ஒரே கல்லூரி இதுதான்.

இருவரையும் ஒரே அறையில் போட்டார்கள். ஜெரிலின் நெட்டையாக, வெளுப்பாக, பேச்சு குறைவாக இருப்பாள். யெசேனியா குள்ளம், வாய் ஓயாது. "கோதுமை மூட்டை" என்று ஜெரிலினுக்குப் பேர் வைத்துவிட்டாள். ஜெரிலின் பதிலுக்கு எதுவும் வைக்கவில்லை, யெசி என்று சுருக்கிக்கொண்டாள், அவ்வளவுதான். மூன்று வருடம் அதே அறை, அதே தொடரோட்ட அணி. ஜெரிலின் மூன்றாவதாக ஓடிக் கோலைக் கொடுப்பாள். யெசி வாங்கிக்கொண்டு முடிப்பாள். கோல் கை மாறும்போது ஒரு தடவையும் தவறியதில்லை.

அணி ஓடப் போகும் இடமெல்லாம் கேலிதான். மற்றப் பெண்களின் கால்சட்டை தொடையோடு நிற்கும். எல்க்கானாப் பெண்களுடையது முட்டி வரை தொங்கும். "மடத்துப் பொண்ணுங்க வந்துட்டாங்கடி" என்பார்கள். யெசி அவர்களைத் தாண்டி ஓடி முடித்துவிட்டு, "மடத்துல சாப்பாடு நல்லா போடுறாங்க" என்று மூச்சு வாங்கச் சொல்வாள். இரண்டாம் வருடம் தேசிய போட்டியின் இறுதிச் சுற்று மழையால் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஓடக் கூடாது என்பதும் உறுதிமொழியில் உண்டு. தகுதி பெற்ற நான்கு பேரும் ஓடாமல் வண்டி ஏறி வீடு திரும்பினார்கள். வழியில் யெசி ஜன்னலைப் பார்த்தபடி, "கர்த்தர் ஓய்வெடுத்தார், சரி. அவர் தகுதிச் சுற்று ஓடிட்டா ஓய்வெடுத்தார்?" என்றாள். கோச் ஸ்ட்ரூட் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். ஜெரிலின் சிரிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவளுக்கும் ஆத்திரம்தான்.

மூன்றாம் வருடம் எப்படியும் ஓடிவிடுவது என்று எல்லோரும் உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்தார்கள். மே மாதம் போட்டி. ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, யெசியின் தங்கை மரிசெலாவுக்குப் பதினைந்து வயது நிறையும் விழா. அவர்கள் வழக்கத்தில் அது கல்யாணம் மாதிரி. கோச்சிடம் அனுமதி வாங்கிக்கொண்டு யெசி ஊருக்குக் கிளம்பினாள். "நீயும் வாயேன். இந்த வளாகத்தைத் தவிர உலகத்துல வேற எதையும் நீ பாத்ததில்ல" என்று ஜெரிலினையும் இழுத்துக்கொண்டு போனாள்.

பகலில் தேவாலயத்தில் பூசை. பிறகு மண்டபத்தில் விருந்து. முன்னூறு பேர் இருப்பார்கள். நீல நிறத்தில் மேகம் மாதிரி விரிந்த பாவாடையோடு மரிசெலா நடுவில் நின்றாள். ஆல்வாரோ புதுச் சட்டையும் தேய்த்த பூட்ஸும் போட்டிருந்தார். நாளெல்லாம் கத்தி பிடித்து அவருடைய வலது கை விரல்கள் முழுதாக விரியாது. அந்தக் கையால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் ஆட்டம் ஆடினார். அது முடிந்ததும் மூத்தவளைப் பார்த்துக் கையை நீட்டினார்.

யெசி ஒரே ஒரு கணம் ஜெரிலினைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த தொலைபேசியை அவளிடம் திணித்துவிட்டு, "படம் பிடிடி" என்று போய்விட்டாள்.

அப்பனும் மகளும் கும்பியா நடனம் ஆடியதை ஜெரிலின் பிடித்தாள். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அந்த மனிதர் தரையில் கால் படாதவர் போல் சுற்றினார். நடுவில் யாரோ ஒரு சித்தப்பா அவர் கையில் பீர் கோப்பையைக் கொடுக்க, அவர் ஒரு வாய் குடித்துவிட்டு விளையாட்டாக மகளின் வாயில் வைத்தார். அவளும் ஒரு மிடறு குடித்துவிட்டு மீசை முளைத்தது போல் நுரையைக் காட்டிச் சிரித்தாள். "இன்னொரு தடவை, யெசி! இன்னொரு தடவை!" என்று கத்தியது ஜெரிலின்தான். படத்தில் அவள் முகம் இல்லை, குரல் இருந்தது.

அதற்கப்புறம் தொலைபேசி யார் யார் கைக்கோ போயிற்று. ஒரு அத்தை ஜெரிலினின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நடுவில் விட்டாள். இருபத்தொரு வயதில் முதல் தடவையாக அவள் ஆடினாள். முதலில் மரம் மாதிரி நின்றாள். "ஓடுறவதானே நீ? இடுப்பைக் கொஞ்சம் தளர்த்து, மிச்சத்தைக் கால் பாத்துக்கும்" என்றார் ஆல்வாரோ. முக்கால் மணி நேரம் ஆடினாள். ஓடும்போது வரும் களைப்பே வரவில்லை. நிறுத்தவே மனமில்லாமல் இருந்தது.

திரும்பும் வழியில் யெசி, "கோதுமை மூட்டை அவிழ்ந்துபோச்சு!" என்று வண்டியைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். ஜெரிலினும் சிரித்தாள். இரண்டு பேரும் அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு உறவுக்காரப் பெண் முகநூலில் போட்ட அந்தப் படம் விடுதியில் யார் கண்ணிலோ பட்டது. பார்த்தவள் ஒன்பதாவது பிரிவை ஒழுங்காகக் கடைப்பிடித்து, மேலிடத்தில் போய்ச் சொல்லிவிட்டாள். தேசிய போட்டிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

மாணவர் விவகாரங்களைப் பார்க்கும் டீன் வீபே கெட்ட மனிதர் இல்லை. பின்னாளில் ஜெரிலின் யாரிடம் இதைச் சொல்லும்போதும் அதை முதலில் சொல்லிவிடுவாள். மெதுவாகப் பேசுவார். அவர் மேசையில் எப்போதும் காகிதக் கைக்குட்டைப் பெட்டி இருக்கும்.

"உக்காரும்மா, ஜெரிலின். இந்தப் படத்துல கேக்குறது உன் குரல்தானே?"

"ஆமா, சார்."

"நீ அங்க விருந்தாளியாப் போயிருந்தே. அவ்வளவுதானே?"

அவர் வேண்டுமென்றே அப்படிக் கேட்டாரா, பண்ணைக்காரர் ஷ்ராகின் மகள் வேறு எப்படி இருந்திருப்பாள் என்று நம்பிக் கேட்டாரா, அவளுக்கு இன்றுவரை தெரியாது. அந்தக் கேள்வியிலேயே தப்பிக்க ஒரு கதவு திறந்திருந்தது. அவள் அதில் நுழைந்துகொண்டாள்.

"ஆமா, சார்."

"ஆடினதை யெசேனியா ஒத்துக்கிட்டா. அப்பாகூட ஆடினதுக்கு நாங்க ஒரு எச்சரிக்கையோட விட்டுடுவோம், போட்டிக்கும் போகலாம். ஆனா அந்தக் கோப்பை... அது ஆப்பிள் சோடான்னு சொல்றா. நீ பக்கத்துல இருந்தே. அது என்னம்மா?"

அந்த ஊர் விருந்துகளில் ஆப்பிள் சோடா உண்டு. பீர் நிறத்திலேயே இருக்கும், நுரையும் வரும். ஜெரிலினே அன்றைக்கு மூன்று புட்டி குடித்திருந்தாள். "சோடாதான், சார்" என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் போதும். வேறு யாராவது உண்மையைச் சொல்லிவிட்டால் தன் பெயரும் போய்விடுமே என்று பயந்தாள். பொய் சொன்னால் பாவம் என்று நினைத்தாள். ஒரு நிமிடத்துக்கு முன்னால் தான் சொன்னது பொய் என்பது அப்போது மனதில் உறைக்கவில்லை. யெசி இல்லையென்றால் கடைசிச் சுற்று யாருக்கு வரும் என்கிற நினைப்பும் எங்கேயோ ஒரு மூலையில் இருந்ததா? இருந்தது என்று சில வருடம் நினைப்பாள், இல்லை என்று சில வருடம் நினைப்பாள்.

"பீர், சார்" என்றாள்.

எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். குடித்தது ஒரு குற்றம், அதை மறைத்தது இன்னொரு குற்றம். அந்தப் பருவம் முழுக்க நீக்கம் என்று தீர்ப்பாயிற்று. நீக்கப்பட்டவருக்கு உதவித்தொகையும் இல்லை.

அன்று மத்தியானம் அறைக்கு வந்தபோது யெசி பெட்டியில் துணிகளை அடைத்துக்கொண்டிருந்தாள். ஜெரிலின் கதவருகிலேயே நின்றாள்.

"உன்கிட்ட கேட்டாங்களா?" என்றாள் யெசி நிமிராமல்.

"கேட்டாங்க."

"சொல்லிட்டியா?"

"யெசி, நான்... பொய் சொல்ல முடியல."

யெசி நிமிர்ந்து பார்த்தாள். அப்போது அவள் வாயைத் திறந்து, நீ ஆடினதையும் சொன்னியா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காலணி ஜோடியைத் துணிகளின் மேல் வைத்துப் பெட்டியை மூடினாள்.

மறுநாள் காலை ஆல்வாரோ வந்தார். இரவு வேலை முடித்து, உடை மாற்றாமல், நேராக வண்டியோட்டிக்கொண்டு வந்திருந்தார். மகளைப் பார்ப்பதற்கு முன்னால் டீன் அறைக்குப் போனார். ஜெரிலின் வெளியே நடைபாதைப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். கதவு சாத்தியிருந்தாலும் அவர் குரல் கேட்டது. தட்டுத் தடுமாறிப் பேசினார்.

"பீர் என்னோடது, சார். நான்தான் புள்ள வாயில வச்சேன். அப்பன் குடுத்தா புள்ள என்ன பண்ணும்? தண்டனைய எனக்குக் குடுங்க. நான் இங்க வந்து தோட்டம் வெட்டுறேன், கழிவறை கழுவுறேன். ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. ஞாயித்துக்கிழமை வர்றேன்."

டீனின் பதில் மெதுவாக இருந்ததால் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டது உங்கள் மகள், நீங்கள் இல்லை என்பது போல ஏதோ சொல்லியிருக்க வேண்டும். ஆல்வாரோ தொப்பியைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார். ஜெரிலினைப் பார்த்ததும் நின்றார். முழுதாக விரியாத அந்தக் கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மூணு வருஷம் என் மகளுக்குத் துணையா இருந்தேம்மா. ரொம்ப நன்றி."

யார் எழுதிக் கொடுத்தது என்று யெசி அப்பாவிடம் சொல்லவில்லை என்பது அப்போது அவளுக்குப் புரிந்தது. "பரவாயில்லைங்க" என்று மட்டும் அவள் வாயில் வந்தது.

தேசிய போட்டியில் ஜெரிலின் கடைசிச் சுற்று ஓடினாள். அவளுடைய பழைய இடத்தில் டபித்தா என்ற முதல் வருடப் பெண் ஓடினாள். மூன்றாம் இடம். எல்க்கானாவுக்கு அதுவரை கிடைக்காத பதக்கம், கல்லூரியே கொண்டாடியது. மேடையிலிருந்து இறங்கிப் பையைத் திறந்தபோது தொலைபேசியில் யெசியிடமிருந்து ஒரு செய்தி இருந்தது. நேரலையில் பார்த்திருக்கிறாள்.

"கடைசி வளைவுல தோளை இறுக்கிட்டே. அங்கதான் ரெண்டாவது இடம் போச்சு."

ஜெரிலின் அதற்குப் பதில் எழுதவில்லை. எழுதத் தொடங்கி அழித்தது இருபது தடவை இருக்கும்.

அவள் படிப்பை முடித்தாள். விச்சிட்டாவில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்தாள். கல்யாணமாயிற்று, ஒரு பையன் பிறந்தான். யெசி இன்னொரு கல்லூரியில் சேர முயன்றதாகவும், சான்றிதழில் 'ஒழுங்கு நடவடிக்கை' என்று இருந்ததால் அந்தக் கல்லூரி கோச் பின்வாங்கிவிட்டதாகவும் டபித்தா எப்போதோ சொன்னாள். பிறகு தகவல் இல்லை.

பதினோரு வருடம் கழிந்தது. ஒரு நாள் மதியம், பள்ளி ஆசிரியர் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கல்லூரியிலிருந்து பழைய மாணவர்களுக்கு மின்னஞ்சல் வந்தது. ஜெபத்தோடும் நீண்ட ஆலோசனையோடும் உறுதிமொழியைத் திருத்தியிருக்கிறார்களாம். வளாகத்துக்கு வெளியே, வயது வந்தவர்கள் அளவோடு குடிப்பதை இனிக் கல்லூரி விசாரிக்காது. நடனம் ஆடக் கூடாது என்ற பிரிவை எடுத்துவிட்டார்கள். அக்டோபரில் கல்லூரியின் முதல் நடன விழா. பழைய மாணவர்களும் குடும்பத்தோடு வரலாம். கீழே வண்ண விளக்குப் படம் வேறு.

ஜெரிலினால் அதற்கு மேல் சாப்பிட முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை கணவனிடம் சொல்லிவிட்டு மூன்றரை மணி நேரம் தனியாக வண்டியோட்டிக்கொண்டு கார்டன் சிட்டிக்குப் போனாள். டபித்தாவிடம் கேட்டு யெசியின் எண்ணை வாங்கியிருந்தாள். வருவதாகச் செய்தி அனுப்பினாள். "ஆஸ்பத்திரி பக்கத்துல டாக்கோ கடை. பன்னெண்டரைக்கு எனக்குச் சாப்பாட்டு நேரம்" என்று பதில் வந்தது.

யெசி மருத்துவமனை உடையில் வந்தாள். எக்ஸ்ரே பிரிவில் வேலை. உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது, தலையில் நாலைந்து நரை. பார்த்ததும், "கோதுமை மூட்டை இளைச்சுப் போச்சே" என்றாள்.

"இன்னும் ஓடுறியா, யெசி?"

"நாய் துரத்தினா ஓடுவேன்."

சாப்பாடு வந்தது. நாலு வருடம் தானும் அப்பாவோடு ஆலையில் நின்றதாகவும், பிறகு ஊர்க் கல்லூரியில் மாலை வகுப்பில் படித்து இந்த வேலைக்கு வந்ததாகவும் யெசி சொன்னாள். கதை மாதிரிச் சொன்னாள், குறை மாதிரி இல்லை. ஜெரிலின் தொலைபேசியில் அந்த மின்னஞ்சலைக் காட்டினாள். யெசி படித்தாள். விளக்குப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"கூரையில தொங்குற அந்தக் கண்ணாடி உருண்டைகூட வாங்கியிருக்காங்க" என்றாள். பிறகு தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நானும் ஆடினேன்னு நீ ஏன் அவங்ககிட்ட சொல்லல?" என்றாள் ஜெரிலின்.

"உனக்காகன்னு நெனச்சுக்காதே. எங்கப்பா வீட்டு விருந்துக்கு வந்தவ நீ. வந்தவளை நான் எப்படிடி காட்டிக் குடுப்பேன்? அப்பாவுக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சிருப்பார்."

"அப்பா எப்படி இருக்கார்? அவரையும் பாத்துட்டுப் போகலாம்னுதான்..."

"இல்ல. தொற்று வந்த வருஷம், ஆலையில எல்லாருக்கும் வந்துச்சே, அப்ப போயிட்டார்."

யெசி மேசையைப் பார்த்தபடி பேசினாள்.

"காலேஜு போனதுகூடப் பரவால்லடி. அது என் தலையெழுத்துன்னு விட்டுடுவேன். அதுக்கப்புறம் எங்கப்பா ஆடவே இல்ல. கடைக்குட்டி நொயேமிக்குப் பதினஞ்சு வந்தப்ப கால் வலின்னு சொல்லி நாற்காலியில உக்காந்துட்டார். கால் நல்லாத்தான் இருந்துச்சு. அவ மாமாகூட முதல் ஆட்டம் ஆடினா. தான் ஆடக் கூப்பிட்டதாலதான் என் படிப்பு போச்சுன்னு கடைசி வரைக்கும் நெனச்சார். எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். ஏறல."

"நான் அன்னைக்கு சோடான்னு சொல்லியிருக்கணும்."

"ஆமா" என்றாள் யெசி. "சொல்லியிருக்கணும்."

ஜெரிலின் அழுதாள். யெசி அவளைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. காகிதக் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவள் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மன்னிச்சிட்டியான்னு கேக்கத்தானே வந்தே? கேக்காதே. நான் அதைப் பத்தி நெனக்கிறதில்ல. நெனச்சா வேலைக்குப் போக முடியாது. ஒருத்தன் இடுப்பு ஒடஞ்சு படுத்திருக்கான், படம் எடுக்கணும்." எழுந்தவள் ஜெரிலினின் தோளை லேசாகத் தட்டினாள். "பையனைக் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல நீ" என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து போனாள்.

வீட்டுக்கு வந்த ஜெரிலின் கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதினாள். அந்த விருந்தில் தானும் முக்கால் மணி நேரம் ஆடியதையும், டீன் கேட்டபோது மறைத்ததையும், தான் எழுதிக் கொடுத்ததை நம்பித்தான் யெசேனியா பாரியோஸ் நீக்கப்பட்டதையும் எழுதி, அவள் சான்றிதழில் உள்ள வரியை எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டாள். பதக்கத்தையும் அதே உறையில் வைத்து அனுப்பினாள்.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. டீன் வீபே ஓய்வு பெற்றுவிட்டார். யாரோ புதியவர் எழுதியிருந்தார். அந்தக் காலத்தில் நடைமுறையில் இருந்த விதிப்படி எடுத்த முடிவை இப்போது மாற்ற வழியில்லை. அவளுடைய நேர்மையைப் பாராட்டுகிறார்கள். பதக்கம் அணியின் சொத்து என்பதால் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறார்கள்.

ஜெரிலின் தன் கடிதத்தையும் அந்தப் பதிலையும் படமெடுத்து யெசிக்கு அனுப்பினாள். பதில் எதிர்பார்க்கவில்லை. நாலு நாள் கழித்து வந்தது.

"அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். நீ ஆடினது அவளுக்கு நல்லா ஞாபகம் இருக்காம். ரொம்ப மோசமா ஆடினியாம்."

ஜெரிலின் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு, "ஆமா, மோசமாத்தான் ஆடினேன்" என்று எழுதி, இந்தத் தடவை அழிக்காமல் அனுப்பினாள்.